கண் மருத்துவம்தான் என்று முடிவாகிவிட்டது, எங்கே படிப்பது?

எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜன் வருடம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. லாக் புக்கில் விட்டுப்போன கையெழுத்துகளை வாங்க ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டாக ஏறி இறங்குகிறேன், ஹாஸ்டல் அறையில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது, நைட் டியூட்டி முடிந்து மெஸ்ஸுக்குப் போனால் எல்லோரும் கேட்பது அடுத்து என்ன எடுக்கப் போகிறாய் என்பதைத்தான். எனக்கு அதில் குழப்பம் இல்லை. கண். குழப்பம் எல்லாம் எங்கே, எந்த வழியாக என்பதில்தான். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு, நீட் பி.ஜி.யில் ரேங்க் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் ரேங்க் வந்து கவுன்சிலிங் தொடங்கிவிட்டால் சாய்ஸ் வரிசையைப் பூட்டுவதற்கு ஒரு சில நாள்தான் கொடுப்பார்கள். அந்த அவசரத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று வருடத்தை எழுதிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக இப்போதே சீனியர்களைத் தொந்தரவு செய்து, இரண்டு மூன்று இடங்களுக்கு நேரிலேயே போய்ப் பார்த்து, கிடைத்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன். ஆப்தால், அதாவது கண் மருத்துவம், எடுக்க நினைக்கும் வேறு யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

ஏன் கண் என்பதை ஒரு சம்பவத்தோடு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒப்பீடே அதிலிருந்துதான் பிறந்தது. ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் கண் துறைக்கு மொத்தமே இரண்டு வாரம். பாதிப் பேருக்கு அது தூக்கத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும் போஸ்டிங். எனக்கு மூன்றாவது நாள் சாயங்காலம் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார். கிரைண்டிங் செய்யும்போது பொறி தெறித்துக் கருவிழியில் ஓர் இரும்புத் துகள் பதிந்திருந்தது, சுற்றிலும் துருவளையம். கண் துறையில் மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. அக்கா மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் முன்னால் என்னை உட்கார வைத்து, 26 கேஜ் ஊசியைக் கையில் கொடுத்தார். "கையை அவர் கன்னத்தில் ஊன்றிக்கோ. ஊசியைப் படுக்கவைத்துக் கொண்டு போ. குத்தாதே, நெம்பு." இவ்வளவுதான் சொன்னார். ஆனால் நான் எடுத்து முடிக்கும் வரை என் தோளை ஒட்டி நின்றார். கருவிழியின் நடுப்பகுதி தடிமன் அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம்தான் கூடுதல் என்று பரீட்சைக்குப் படித்தது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து கை நடுங்கியது. அக்கா என் மணிக்கட்டை இரண்டு விரலால் லேசாகத் தொட்டார். நடுக்கம் நின்றுவிட்டது. துகள் வந்தது, துருவில் பெரும்பகுதியும் வந்தது.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் யோசித்துக்கொண்டே இருந்தேன். இது கைவேலை. புத்தகத்தில் இருப்பதைப் பத்து தடவை படித்தாலும் கை தானாகப் பழகாது. அதே நேரம் வெறுமனே கேஸ் கொடுத்துவிட்டாலும் போதாது, அந்த இரண்டு விரல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் எந்த இடத்தைப் பற்றி விசாரித்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: அங்கே ஒரு பி.ஜி. செய்யும் முதல் ஐம்பது கண்புரை ஆபரேஷனின்போது மைக்ராஸ்கோப்பின் பக்கவாட்டு ஐபீஸில், அதாவது சொல்லிக் கொடுப்பவர் கூடவே பார்க்கும் குழலில், யார் உட்கார்ந்திருப்பார்? மற்றதெல்லாம், பட்டத்தின் பெயர், ஊர், ஸ்டைபண்ட், பாண்ட், எல்லாமே எனக்கு அதற்குப் பின்னால்தான்.

சரி, வழிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு நீட் பி.ஜி. வழியாக அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். ஆப்தால்மாலஜி, ஒரு பெரிய கண் மருத்துவமனையில் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும், எம்.எஸ்.ஸுக்கு நிகரான பட்டம்), அல்லது முதலில் எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணித் தேர்வு) எழுதி அரசு வேலைக்குப் போய்விட்டு, பணியில் இருப்பவர்களுக்கான இன்-சர்வீஸ் ஒதுக்கீட்டில் எம்.எஸ். என்ற மூன்றும்தான் முக்கியமான வழிகள். சில்லறை வழிகளும் உண்டு, அவற்றைக் கடைசியில் தொட்டுவிட்டுப் போகிறேன். நீட் பி.ஜி. 2024, 2025 இரண்டு வருடமும் ஆகஸ்டில்தான் நடந்தது, 200 கேள்வி, 800 மதிப்பெண், தப்பு விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பு. அரசுக் கல்லூரி சீட்டுகளில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் மாநிலக் கவுன்சிலிங், அதிலும் பாதியை அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குத் தமிழ்நாடு ஒதுக்குகிறது. டி.என்.பி. சீட்டுகளும் இப்போது எம்.சி.சி.யின் அகில இந்தியக் கவுன்சிலிங்கிலேயே வருவதால் ஒரே சாய்ஸ் பட்டியலில் எம்.எஸ்.ஸும் டி.என்.பி.யும் கலந்து நிற்கும். அதனால்தான் வரிசை பற்றி இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரசு எம்.எஸ். பக்கம் என்னை இழுப்பது நோய்களின் வகை. எழும்பூர் கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழைய கண் மருத்துவமனை என்று சொல்வார்கள், 'மெட்ராஸ் ஐ' என்று ஊர் முழுக்க நாம் சொல்லும் பெயருக்கே அந்த இடத்தோடுதான் தொடர்பு. அங்கே கிடைத்தால் பெரிய விஷயம். ஆனால் நான் சொல்லவருவது எழும்பூரை மட்டும் வைத்து அல்ல, சாதாரண ஒரு மாவட்டத் தலைநகரின் மருத்துவக் கல்லூரியை வைத்தே. அங்கே கண் ஓ.பி. தனித் தீவு கிடையாது. என்.ஐ.சி.யு.விலிருந்து 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைகளின் விழித்திரையைப் பார்க்கக் கூப்பிடுவார்கள். பிரசவ வார்டில் ரத்தக் கொதிப்பு ஏறிய அம்மாவுக்கு ஃபண்டஸ் (கண்ணின் உட்புறப் பின்பகுதி) பார்க்கச் சொல்வார்கள். மெடிசின் வார்டிலிருந்து தலைவலி கேஸுக்குக் கண் நரம்பின் டிஸ்க் வீங்கியிருக்கிறதா என்று கேட்டுச் சீட்டு வரும். கேஷுவாலிட்டியில் பைக் விபத்தில் இமை கிழிந்தவர் வருவார், தீபாவளி ராத்திரியில் வெடி பட்ட பிள்ளைகள் வருவார்கள். 2021இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது ஈ.என்.டி.யும் கண் துறையும் மெடிசினும் ஒரே வார்டில் நின்று வேலை பார்த்ததை அப்போது படித்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு உயிரைக் காப்பாற்றக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. கண் என்பது உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு என்பது பொது மருத்துவமனையில் படித்தால்தான் மறக்காது என்று என்னுடைய யூனிட் சீஃப் சொல்வார். எனக்கும் அது சரி என்றே படுகிறது.

தென் மாவட்டக் கல்லூரி என்றால் கருவிழிப் புண் என்று ஒரு தனிப் படிப்பே உண்டு. நெல் அறுக்கும்போது, சோளத் தட்டை வெட்டும்போது கண்ணில் பட்டு, ஊரில் யாரோ சொன்னதைக் கேட்டு எண்ணெயோ தாய்ப்பாலோ விட்டு, அப்புறம் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றி, பத்து நாள் கழித்து வெள்ளையாகப் பூத்த கண்ணோடு வருவார்கள். நம் பக்கம் இதில் பூஞ்சையின் பங்கு மிகப் பெரிது. சுரண்டி எடுத்துக் கே.ஓ.எச். கரைசல் போட்டு அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தெரிந்த பி.ஜி.யால் அந்தக் கண்ணை அன்றைக்கே சரியான மருந்தில் போட முடியும். இந்த மாதிரிக் கேஸை ஒரு வாரத்துக்கு இத்தனை என்று பார்த்துப் பழகுவதற்குக் காசு கொடுத்தாலும் வேறு இடம் கிடைக்காது.

இழுக்காமல் தள்ளுவது எது என்றால், ஆபரேஷன் கை. நான் போய்ப் பார்த்த ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், மூன்றாம் வருட பி.ஜி. ஒருவர் மனம் விட்டுப் பேசினார். எஸ்.ஐ.சி.எஸ்., அதாவது சின்னக் கீறல் வழியாகக் கையாலேயே கண்புரை எடுப்பது, அவருக்கு நன்றாகவே வருகிறது, ஆனால் புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோ இயந்திரம் வருடத்தில் பாதி நாள் ரிப்பேர். இருக்கும் மைக்ராஸ்கோப்பில் பக்கவாட்டு ஐபீஸ் மங்கிப்போய்க் கிடக்கிறது, அதனால் சொல்லிக் கொடுப்பவர் எதிரில் நின்று மானிட்டரைப் பார்த்துத்தான் வழி சொல்கிறார். யூனிட்டுக்கு யூனிட் நிலைமை தலைகீழ். ஒரு சீஃப் முதல் வருடக் கடைசியிலேயே டனல் (கண்ணுக்குள் போகும் கீறல் வழி) போடச் சொல்லிக் கொடுக்கிறார், அடுத்த யூனிட்டில் மூன்றாம் வருடம் வரைக்கும் லென்ஸ் வைக்கக்கூட விடுவதில்லை. எந்த யூனிட்டில் போடுவார்கள் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும். அப்புறம் எழுத்து வேலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் ஏற்றுவது, முகாமுக்கு வந்தவர்களின் படிவம், கண்புரைக் கணக்கு, இதெல்லாம் முதல் வருட பி.ஜி. தலையில்தான். இது தேவையில்லாத வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மணி நேரம் கண்ணாடிப் பவரை அளக்கும் ரெட்டினோஸ்கோப் பிடிக்க வேண்டிய மணி நேரம்.

பாண்ட் பற்றி ஒரு வார்த்தை. அரசுக் கல்லூரியில் எம்.எஸ். முடித்தால் அரசு மருத்துவமனையில் கட்டாயப் பணி உண்டு. எத்தனை வருடம், விட்டுப் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அரசாணைக்கு அரசாணை மாறியிருக்கிறது, அதனால் அந்த வருடத்து ப்ராஸ்பெக்டஸை மட்டும் நம்புங்கள். எனக்கு இது பாரமாகத் தெரியவில்லை. மாவட்ட மருத்துவமனையில் தனியாகக் கண்புரை செய்யும் ஒரு வருடம் என்பது கைக்குப் பயிற்சிதான், கீழே படிகள் சரியாகப் போடப்பட்டிருந்தால்.

இனி கண் மருத்துவமனை டி.என்.பி. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களை மனதில் வைத்துத்தான் எல்லோரும் பேசுவார்கள். அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றித் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பிரசவ மருத்துவர் ஆக வேண்டும் என்றிருந்தவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டதால் அது முடியாமல் போய், கண்ணுக்கு வந்தார். அந்த விரல்களுக்கு ஏற்ற மாதிரிக் கருவிகளை அமைத்துக்கொண்டு, பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேலான ஆபரேஷன்கள் செய்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் அரசுப் பணி செய்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். அந்த விரல்களே பழகும் என்றால் நடுங்குகிற என் கையும் பழகும்; பழக்குவதற்கு ஒரு முறை வேண்டும், அவ்வளவுதான்.

அந்த முறைதான் பெரிய கண் மருத்துவமனைகளின் பலம். வந்தவுடன் யாரும் கண்ணைத் தொட விடமாட்டார்கள். முதலில் கண்ணாடிப் பவர் பார்க்கும் ரிஃப்ராக்‌ஷன், ஸ்லிட் லாம்ப், கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணீர்ப்பை வழி பார்ப்பது, ஊசி போட்டு மரக்கச் செய்வது. அதோடு வெட் லேபில் ஆட்டுக் கண்ணில் டனல் போட்டுப் போட்டுப் பழக வேண்டும். அப்புறம் நோயாளியின் கண்ணில், முழு ஆபரேஷனாக அல்ல, துண்டு துண்டாக. ஒருவர் கடைசிப் படியான லென்ஸ் வைப்பதை மட்டும் செய்வார், கொஞ்ச நாள் கழித்து புரையின் மிச்சமான கார்ட்டெக்ஸ் கழுவுவதைச் சேர்த்துக்கொள்வார், அப்புறம் டனல், அப்புறம் ரெக்ஸிஸ் (லென்ஸின் முன் உறையை வட்டமாகத் திறப்பது), கடைசியில்தான் புரையின் நடுக்கட்டியான நியூக்ளியஸை வெளியே கொண்டுவருவது. ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் ஒருவர். எஸ்.ஐ.சி.எஸ். நன்றாக வந்த பிறகே ஃபேகோ. ஆறு, ஏழு மில்லிமீட்டர் வாயில் வழியாக முழு நியூக்ளியஸையும் எடுக்கத் தெரிந்தவருக்கு, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயிலில் ஃபேகோ செய்யும்போது ஏதாவது கோளாறானால் திரும்பிப் போக ஒரு வழி கையில் இருக்கும்.

எண்ணிக்கையும் உண்டு. முகாம் நோயாளிகளைப் பஸ்ஸில் அழைத்துவந்து ஆபரேஷன் முடித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு வருடம் முழுக்க ஓடுவதால் கை ஆறிப்போகாது. கை ஆறுவது பற்றி எல்லா சீனியர்களும் சொன்னார்கள்: வாரத்துக்கு நான்கு செய்துவிட்டு அப்புறம் இரண்டு மாதம் எதுவும் இல்லை என்றால் மறுபடி முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது என்று. சிக்கலையும் அங்கே எழுதி வைப்பார்கள், லென்ஸின் பின் உறை கிழிந்தால் யார் செய்தது, எந்தப் படியில் என்று பதிவாகும், மாதாந்திரக் கூட்டத்தில் பேசுவார்கள். பயமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அங்கே படிக்கும் என் சீனியர் அக்கா ஒருவர் சொன்னது வேறு: எழுதி வைக்காத இடத்தில்தான் பயம் அதிகம், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கிழிசலும் ரகசியமாகிவிடும்.

தள்ளும் விஷயங்கள் இங்கேயும் இருக்கின்றன. நாள் விடியும் முன்பே தொடங்கி இருட்டும் வரை ஓடும் வேலை, வாசிக்கத் தெம்பு இருக்காது. எல்லாம் பிரித்து அடுக்கப்பட்டிருப்பதால் ஓ.பி.யில் பி.ஜி.க்கு வரும் நோயாளி ஏற்கெனவே பார்வை அளந்து, அழுத்தம் பார்த்து, கண்மணி விரிய மருந்து விட்டு வந்திருப்பார். வேகமாக இருக்கிறது, ஆனால் முதலிலிருந்து ஒருவரை நானே பார்ப்பது குறைகிறது. அப்புறம் பரீட்சை. டி.என்.பி. எழுத்துத் தேர்வு நாடு முழுக்க ஒரே தாள், செய்முறை முன்பின் தெரியாத ஊரில், தெரியாத தேர்வாளர்கள் முன்னால். எம்.எஸ்.ஸில் அநேகமாக நம் கல்லூரியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ தேர்வு இருக்கும், நம் ஆசிரியர்களில் சிலர் தேர்வாளர்களாக இருப்பார்கள். ஆபரேஷனில் அற்புதமாகக் கை வந்த ஒருவர் டி.என்.பி. எழுத்துத் தேர்வில் ஒரு தடவை தவறிப் போய் ஆறு மாதம் நொந்துகிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பேராசிரியர் ஆக ஆசைப்படுகிறவர்கள் டி.என்.பி.க்குப் பின் சீனியர் ரெசிடென்ட் காலம் எங்கே, எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு அந்த நேரத்து தேசிய மருத்துவ ஆணைய (என்.எம்.சி.) விதியைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. இந்த விதியும் சில தடவை மாறியிருக்கிறது.

ஒன்றை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். டி.என்.பி. என்ற மூன்று எழுத்து எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இரண்டு மூன்று டாக்டர்களோடு நடக்கும் தனியார் கண் மருத்துவமனையிலும் டி.என்.பி. சீட் இருக்கிறது. வருபவர் எல்லாம் காசு கட்டி, இன்ன டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று கேட்டு வருபவர்கள். அங்கே பி.ஜி.க்குக் கத்தி எப்போது கைக்கு வரும்? அப்படி ஓர் இடத்தில் சேர்ந்த என் சீனியர் மூன்று வருடம் ரிஃப்ராக்‌ஷனும் அசிஸ்டும் மட்டும் பார்த்துவிட்டு, முடித்த பிறகு ஃபெலோஷிப்பில் (பட்டத்துக்குப் பின் செய்யும் சிறப்புப் பயிற்சி) டனலிலிருந்து தொடங்கினார். நல்ல மனுஷன், நல்ல மூளை. மூன்று வருடம் திரும்பி வராது. ஆகவே பட்டியலில் டி.என்.பி. என்று பார்த்ததும் அரவிந்தை நினைத்துக்கொண்டு மேலே போடாதீர்கள்.

மூன்றாவது வழி, எம்.ஆர்.பி. எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இதுதான் பிடித்திருக்கிறது, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உடனே சம்பளம், நிரந்தர வேலை, தங்கை இன்னும் கல்லூரியில் படிக்கிறாள். 2020இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்கள் இன்-சர்வீஸ் ஒதுக்கீடு கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு தமிழ்நாட்டில் இந்த வழி மறுபடி உறுதியாகிவிட்டது. 2025 ஜனவரியில், பி.ஜி. சீட்டுகளில் வசிப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்ன பிறகு, நம் மாநிலத்துப் பிள்ளைகள் பலரின் கண் இன்-சர்வீஸ் பக்கம் இன்னும் கூடுதலாகத் திரும்பியிருக்கிறது. படிக்கும் காலத்திலும் சம்பளம் வரும் என்பது சாதாரண விஷயம் இல்லை. வெங்கடசாமி அவர்களும் அரசுப் பணியில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர்தான்.

எனக்குத் தயக்கம் இரண்டு இடத்தில். சுகாதார நிலையத்தில் பிரசவம், காய்ச்சல், பாம்புக்கடி, சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நீட்டுக்குப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒன்று. இரண்டு மூன்று வருடம் என்று போனவர்கள் ஆறு வருடம் ஆகியும் அங்கேயே இருக்கிறார்கள், இடையில் கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன். இன்னொன்று, மறுபடியும் கை. கண் அறுவைக்கு வயது ஒரு தடை என்று நான் நம்பவில்லை, 35 வயதில் தொடங்கி அழகாகச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எம்.எஸ். முடித்ததும் அரசு எங்கே போடுகிறதோ அங்கே போக வேண்டும், அரசுப் பணியிலேயே தொடர்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் விழித்திரைக்கோ கருவிழிக்கோ ஒன்றரை, இரண்டு வருட ஃபெலோஷிப் போவது மற்றவர்களுக்குப் போல எளிது இல்லை. ஆப்தாலில் இன்று பலருக்கு எம்.எஸ்., டி.என்.பி. எது படித்தாலும் அது முடிவு இல்லை, ஃபெலோஷிப்பையும் சேர்த்து ஐந்து வருடக் கணக்குதான். பொதுக் கண் மருத்துவராக, ஒரு மாவட்டத்தில் நிலைத்து நின்று கண்புரை, கிளாக்கோமா, சர்க்கரைக்காரர்களின் விழித்திரை என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்-சர்வீஸ் நல்ல வழி என்றே நினைக்கிறேன். அதைக் கடைசி வாய்ப்பு மாதிரிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சில்லறை வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஐ.என்.ஐ. செட் என்ற தனி நுழைவுத் தேர்வை எழுதி டெல்லி எய்ம்ஸின் கண் மையமான ஆர்.பி. சென்டருக்கோ ஜிப்மருக்கோ கிடைத்தால் எதையும் ஒப்பிட வேண்டாம், போய்விடலாம். டெல்லியில் பட்டத்தின் பெயர்கூட எம்.எஸ். இல்லை, எம்.டி. இந்தத் தேர்வு வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது, எழுதுவதில் நஷ்டம் இல்லை. தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது, அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வருடம் டி.என்.பி. செய்யலாம், மொத்தம் நான்கு வருடம் ஆகும், இரண்டாவது நுழைவுத் தேர்வும் உண்டு, ஆனால் டிப்ளமோ நல்ல கண் மருத்துவமனையில் கிடைத்தால் அந்த நான்கு வருடமும் கையிலேயே போகும் என்பதால் நான் இதைத் தள்ளவில்லை. தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் எங்கள் வீட்டுக்கு எட்டாத பணம், கடன் வாங்கிச் சேர்ந்தால் முடித்தவுடன் கடனுக்காக ஓட வேண்டியிருக்கும், கற்றுக்கொள்ளப் பொறுமை இருக்காது. இங்கிலாந்து போகலாம் என்று ஒரு தோழி சொல்கிறாள். அங்கே கண் பயிற்சி ஏழு வருடம், இடத்துக்குப் போட்டி பயங்கரம், நான் பார்க்க விரும்பும் கருவிழிப் புண்ணும் அங்கே வயலிலிருந்து வராது.

இவ்வளவும் ஒரு பக்கம் இருக்க, போய்ப் பார்த்த இடங்களில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு ஒன்று. ஒரு தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நெற்றியில் எந்தக் கண் என்று பிளாஸ்திரி ஒட்டி, பச்சை கவுன் போட்டு. எல்லோரும் முகாமில் வந்தவர்கள். ஒரு பாட்டி என்னிடம், "நீதான் செய்யப்போறியாம்மா?" என்று கேட்டார். இல்லை பாட்டி, நான் சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அரசுக் கல்லூரியானாலும் டிரஸ்ட் மருத்துவமனையானாலும் நாங்கள் கற்றுக்கொள்வது இவர்கள் கண்ணில்தான், காசு கட்டி வருபவர் கண்ணில் இல்லை. அந்தப் பாட்டிக்கு இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை. பக்கத்து ஐபீஸில் யார் உட்கார்வார் என்பது என் படிப்பு சம்பந்தப்பட்ட கேள்வி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அவருடைய கேள்வியும்தான், அவருக்குக் கேட்கத் தெரியாத கேள்வி. சில மைக்ரான் தடிமனுள்ள பின் உறை கிழிந்த அந்த நொடியில் "நகர்ந்துக்கோ" என்று சொல்லி உட்கார ஒருவர் இருக்கிறாரா, இல்லை மேலே வேறு தியேட்டரிலிருந்து கூப்பிட்டனுப்ப வேண்டுமா?

அதற்கப்புறம் மூன்றாம் வருட பி.ஜி.க்களிடம் நான் கேட்பதும் மாறிவிட்டது. எத்தனை கேஸ் கிடைக்கும் என்று முதலில் கேட்பதில்லை. கடைசியாக உங்களுக்கு அந்தப் பின் உறை, காப்ஸ்யூல், கிழிந்தபோது யார் வந்து உட்கார்ந்தார், எவ்வளவு நேரத்தில், அந்த நோயாளி மறுநாள், ஒரு மாதம் கழித்து என்ன பார்வையோடு இருந்தார் என்று கேட்கிறேன். பதில் உடனே வந்தால், அந்த நோயாளியை அவர்களுக்கு ஞாபகம் இருந்தால், அந்த இடம் நல்ல இடம். பதிலை மழுப்பினால் நோட்டில் ஒரு கோடு. இதோடு சேர்த்து வெட் லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள், பூட்டியே கிடக்கும் வெட் லேப்கள் உண்டு. முந்தைய இரண்டு பேட்சில் எல்லோரும் ஒரே தடவையில் தேர்வானார்களா என்று கேளுங்கள். இதையெல்லாம் ஹெச்.ஓ.டி. அறையில் கேட்காதீர்கள், ராத்திரி டியூட்டி அறையில் டீ குடித்துக்கொண்டு கேளுங்கள்.

இப்போதைக்கு என் வரிசை இதுதான். முதலில் இரண்டு பெரிய கண் மருத்துவமனைகளின் டி.என்.பி. அதற்கடுத்து எழும்பூரும், நான் விசாரித்ததில் சீஃப்கள் தாங்களே பக்கத்தில் உட்காரும் மூன்று அரசுக் கல்லூரிகளும். அதற்கும் கீழே மற்ற அரசு எம்.எஸ். சீட்டுகள். சின்ன மருத்துவமனை டி.என்.பி. எதுவும் பட்டியலில் இல்லை, அது மட்டும்தான் கிடைக்கும் ரேங்க் என்றால் எம்.ஆர்.பி. எழுதி அப்பா சொன்ன வழியில் போவேன். பொது மருத்துவமனையில் கிடைக்கும் அந்த நோய் வகைகளை இழக்கிறேன் என்பது எனக்குத் தெரியும், மனசு அங்கேயே ஒரு கால் ஊன்றி நிற்கிறது. அதனால்தான் மீதி இருக்கும் மூன்று வாரத்தில், கேஷுவாலிட்டி டியூட்டி இல்லாத சாயங்காலம் எல்லாம் கண் ஓ.பி.க்குப் போய் பி.ஜி. அக்காவோடு உட்கார்ந்து கருவிழிப் புண் சுரண்டுவதைப் பார்க்கிறேன். நேற்று ஸ்லைடைப் பார்க்க முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். கே.ஓ.எச்.சில் பூஞ்சை இழைகள், மூங்கில் கணு மாதிரி, கிளை கிளையாக.